சுண்ணாம்பு ஃபீடரைச் சோதிப்பது எப்படி? பிஎச் கட்டுப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஷிப்ட் பார்ப்பவர்களும் புதிதாகப் பொறுப்புக்கு வந்த பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். மனதில் வைத்து எழுதுவது இப்படிப்பட்ட ஒரு நிலையம்: ஆற்றிலோ அணையிலோ தண்ணீர் எடுத்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் வடித்து, குளோரினும் சுண்ணாம்பும் சேர்த்து ஊருக்கு அனுப்புவது. சுண்ணாம்பு போடும் ஏற்பாடும் வழக்கமானதுதான். மேலே மூட்டையைக் கொட்டும் ஹாப்பர், அதன் அடியில் வேகம் மாற்றக்கூடிய மோட்டாரோடு ஒரு ஸ்க்ரூ (இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபீடர் என்கிறேன்), கீழே கலக்கும் தொட்டி, அங்கிருந்து சுண்ணாம்புப் பாலைத் தண்ணீரில் சேர்க்கும் டோசிங் பம்ப்.

படிகாரம் போட்டால் பிஎச் ஏன் இறங்குகிறது? எல்லா ஊரிலும் சுண்ணாம்பு தேவையா?

பிஎச் என்பது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண்: 7 நடுநிலை, இறங்கினால் புளிப்பு. படிகாரம் தண்ணீரில் கரைந்து அலுமினியம் ஹைட்ராக்சைடாகத் திரளும்போது, தண்ணீரில் இயல்பாக இருக்கும் காரத்தன்மையை (அமிலத்தைத் தாங்கிச் சமன்செய்யும் திறனை) தின்றுவிடுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் படிகாரம் போட்டால், கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் அரை மில்லிகிராம் காரத்தன்மை போகும். கூடவே கார்பன் டை ஆக்சைடும் உண்டாகி பிஎச்சை இன்னும் கீழே இழுக்கும்.

ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே பதில் கிடையாது. காரத்தன்மை 150, 200 என்று இருக்கும் தண்ணீரில் 40 மில்லிகிராம் படிகாரம் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பாறை மலைகளிலிருந்து இறங்கும் மென்னீர் அப்படி இல்லை. அதில் காரத்தன்மை 25 இருந்தால் அதே 40 மில்லிகிராம் படிகாரத்துக்கே 20 போய்விடும், மிச்சம் 5. பிஎச் 6-க்குக் கீழே போவதற்கு இது போதும். மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் இடி விழும்: மழைநீர் சேர்ந்து காரத்தன்மை குறையும், கலங்கல் ஏறியதால் படிகாரமும் கூடும். வருடம் முழுக்கச் சும்மா கிடந்த ஃபீடரை அந்த வாரத்தில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள், அது ஓடாது. சோதனையை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 (2012) பிஎச் 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. மற்றப் பல அளவுகளுக்கு வேறு நீராதாரம் இல்லாதபோது தளர்வு உண்டு, பிஎச்சுக்குத் தளர்வே கிடையாது. காரணமும் இருக்கிறது: புளிப்பான தண்ணீர் குழாயை அரிக்கும், இரும்பையும் செம்பையும் ஈயத்தையும் கரைத்து வீட்டுக் குடத்துக்குக் கொண்டுவரும்.

பிஎச் மீட்டர் சரியாகக் காட்டுகிறதே, ஃபீடரைத் தனியாக எதற்குச் சோதிக்க வேண்டும்?

பிஎச் சரியாக இருக்கிறது என்பதால் ஃபீடர் சரியாக இருக்கிறது என்று ஆகாது. ஃபீடர் குறைவாகப் போட்டுக்கொண்டிருக்கும், பிஎச்சைப் பார்த்து ஃபீடரைத் தானாக ஓட்டும் கன்ட்ரோலர் அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், நமக்குத் திரையில் 7.4 என்று அழகாகத் தெரியும். ஒருநாள் வேகம் 100 சதவீதத்தைத் தொட்டதும் அதற்கு மேல் கூட்ட இடமில்லாமல் பிஎச் சரியும். அப்போது எல்லோரும் மீட்டரைத்தான் திட்டுவார்கள்.

என் முறை இது: ஃபீடர், சுண்ணாம்புப் பால், பம்ப், மீட்டர், கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாக, இதே வரிசையில், தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முன்னது தேறாமல் பின்னதைத் தொடக் கூடாது. கன்ட்ரோலரில் எண்களை மாற்றிப் பார்த்து நாட்களை வீணடிப்பவர்கள் பெரும்பாலும் ஃபீடருக்கு அடியில் ஒரு வாளி வைத்துப் பார்க்காதவர்கள்.

முதலில் எவ்வளவு சுண்ணாம்பு தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

ஜார் டெஸ்ட்தான் வழி. ஹாப்பரில் கொட்டப்போகும் அதே மூட்டையிலிருந்து 1 கிராம் எடுத்து 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கிக்கொள்ளுங்கள். இதில் 1 மில்லிலிட்டர் எடுத்து 1 லிட்டர் ஜாரில் விட்டால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் டோஸ். எடுக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்க வேண்டும், அடியில் தங்கினால் கணக்கு போச்சு. சுண்ணாம்பு எந்த இடத்தில் சேர்கிறதோ அதற்குச் சற்று முன் எடுத்த தண்ணீரில் 4, 8, 12, 16 என்று போட்டு, பத்து நிமிடம் கலக்கவிட்டு பிஎச் பாருங்கள். கலக்காமல் உடனே பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், சுண்ணாம்பு கரைய நேரம் எடுக்கும்.

நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் (10 எம்எல்டி) ஓடும் நிலையத்தில் 12 மில்லிகிராம் தேவை என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 120 கிலோ, மணிக்கு 5 கிலோ, நிமிடத்துக்கு ஏறக்குறைய 83 கிராம். இந்த 83-ஐப் பேனலில் எழுதி ஒட்டிவையுங்கள். கீழே வரும் சோதனை முழுவதும் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மூட்டையில் 85 சதவீதத் தூய்மை என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து 120-ஐ 0.85-ஆல் வகுத்துவிடுவார்கள். ஜார் டெஸ்டே அந்த மூட்டைச் சுண்ணாம்பில்தானே செய்தோம்? தூய்மைக் குறைவு அதில் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆய்வகத்துத் தூய சுண்ணாம்பில் ஜார் டெஸ்ட் செய்திருந்தால் மட்டும் வகுக்க வேண்டும்.

சோதனைக்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பக்கமும் மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை, தூசி முகமூடி, முழுக்கைச் சட்டை. இதில் கண்ணாடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் கண்ணின் ஈரத்தோடு சேர்ந்து கருவிழியை அரித்துவிடும், பார்வையே போகலாம். பக்கத்தில் ஓடும் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். விழுந்தால் இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, பிறகு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டையைக் கொட்டுபவர் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தாலும் இதே கண்ணாடிதான், இதே கையுறைதான்.

அப்புறம் கருவிகள்: 1 கிராம் வரை காட்டும் தராசு, மூடியுள்ள வாளிகள், ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. ஸ்க்ரூவின் வாயைக் கலக்கும் தொட்டியிலிருந்து விலக்கி வாளியை வைக்க வழி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பல இடங்களில் அந்த வசதி இல்லாமலே அமைத்துவிடுகிறார்கள். அப்படி என்றால் வெல்டரைக் கூப்பிட்டு ஒரு திறப்பு வைத்துக்கொள்வது அந்த வருடத்தின் மிக நல்ல செலவு. ஸ்க்ரூவுக்குள் கைவிட வேண்டி வந்தால் மெயினை அணைத்துப் பூட்டு போட்டுவிட்டுத்தான். பேனலில் ஸ்டாப் பட்டனை அழுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆட்டோவில் இருந்தால் தானாகத் திரும்ப ஓடும்.

எடை பிடிக்கும் சோதனையை எப்படிச் செய்வது?

ஸ்க்ரூ ஃபீடர் எடையை அளப்பதில்லை, கன அளவைத்தான் தள்ளுகிறது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு இடம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீற்றிய சுண்ணாம்போ ஒரே அடர்த்தியில் இருக்கும் பொருள் கிடையாது. பொலபொலவென்று இருக்கும்போது ஒரு கன மீட்டர் 400 கிலோ இருக்கும், அமுங்கிவிட்டால் 600-ஐத் தாண்டும். ஒரே வேகம், ஒரே சுற்று, ஆனால் விழும் எடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வர வாய்ப்பு உண்டு. டயலில் உள்ள எண் மோட்டார் வேகத்தைச் சொல்கிறது, சுண்ணாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கன்ட்ரோலரை மேனுவலில் போடுங்கள். ஹாப்பர் பாதி நிறைந்திருக்கட்டும். வேகத்தை 40 சதவீதத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஸ்க்ரூ முழுக்க நிரம்பி ஒரு நிலைக்கு வர வேண்டும். ஓட்டத்தை நிறுத்தாமலே வாளியை நுழைத்துச் சரியாக ஒரு நிமிடம் பிடித்து எடை போடுங்கள். மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் பிடித்தால் தொடக்கத்திலும் முடிவிலும் விழுவது கணக்கைக் கெடுக்கும். இப்படி ஐந்து முறை. பிறகு இதையே 20, 60, 80, 100 சதவீதத்திலும் செய்யுங்கள். வரிசையாக ஏறிப் போவதோடு நிறுத்தாமல் ஒருமுறை மேலிருந்து கீழாகவும் இறங்கி வாருங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஹாப்பரில் சுண்ணாம்பு மாவின் நிலை மாறிக்கொண்டிருக்கிறது.

உதாரணத்துக்கு, 40 சதவீதத்தில் பிடித்த ஐந்து வாளிகளும் 81, 84, 79, 83, 83 கிராம் என்று வந்தால் சராசரி 82. நமக்குத் தேவை 83. நல்ல ஃபீடர். 20 சதவீதத்தில் 38, 47, 33, 45, 37 என்று வந்தால்? சராசரி 40. வரைபடத்தில் புள்ளி வைத்தால் கோட்டின் மேல் கச்சிதமாக உட்காரும், பார்ப்பவர் சபாஷ் என்பார். ஆனால் ஒவ்வொரு வாளியையும் பாருங்கள், 33-க்கும் 47-க்கும் இடையே ஆடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது ஸ்க்ரூவின் ஒவ்வொரு பிரியும் ஒரு கட்டியாகக் கொட்டுகிறது, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை கட்டி விழுந்தது என்பது அதிர்ஷ்டம். சராசரியை மட்டும் எழுதி ஐந்து எண்ணையும் தூக்கிப்போட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே நோட்டில் ஐந்தையும் எழுதுங்கள்.

அடுத்து ஹாப்பர் நிறைந்திருக்கும்போது ஒருமுறை, கடைசிக் கால்பங்கில் ஒருமுறை, மூட்டை கொட்டிய உடனே ஒருமுறை, 40 சதவீதத்தில் மட்டும். மூட்டை கொட்டியதும் மாவுக்குள் காற்று புகுந்து அது கிட்டத்தட்டத் தண்ணீராகவே ஓடும், சில நேரம் ஸ்க்ரூ சுற்றாமலே வழிந்துவிடும். நள்ளிரவில் பிஎச் திடீரென்று 9-ஐத் தொட்டதாகப் பதிவேட்டில் இருந்தால், பக்கத்துப் பதிவேட்டில் மூட்டை கொட்டிய நேரத்தைப் பாருங்கள்.

எவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தால் பரவாயில்லை?

ஸ்க்ரூ ஃபீடருக்கு, வழக்கமாக ஓட்டும் வேகத்தில், சராசரியிலிருந்து 5 சதவீதம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். மேலே சொன்ன 40 சதவீத வாளிகள் அதற்குள் அடங்குகின்றன. 20 சதவீத வாளிகள் 17.5 சதவீதம் வரை விலகுகின்றன.

ஆனால் உடனே பயப்பட வேண்டியதில்லை. கலக்கும் தொட்டியில் அரை மணி நேரத்துக்கான சுண்ணாம்புப் பால் நிற்கிறது என்றால், நிமிடத்துக்கு நிமிடம் வரும் ஆட்டமெல்லாம் அங்கேயே கலந்து அடங்கிவிடும். தொட்டியால் அடக்க முடியாதது மணிக்கணக்கில் ஒரே பக்கம் நகரும் சறுக்கல்தான்: காலையில் 82, மதியம் 76, மாலை 70. இதைக் கண்டுபிடிக்க ஒரே நாளில் மணிக்கு ஒரு வாளி பிடிக்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. தொட்டி இல்லாமல் நேராகத் தண்ணீரில் கொட்டும் அமைப்பு என்றால் நிமிட ஆட்டமும் முக்கியம்.

எப்போதும் 20 சதவீதத்துக்குக் கீழேயே ஓட்ட வேண்டியிருக்கிறது என்றால் ஸ்க்ரூ பெரிது. சிறிய ஸ்க்ரூ போட்டு வேகமாகச் சுற்றுங்கள். விற்பவர்கள் எதிர்காலத் தேவை என்று சொல்லிப் பெரிதாகத் தலையில் கட்டுவது வழக்கம்.

ஸ்க்ரூ சுற்றுகிறது, ஹாப்பரில் சுண்ணாம்பும் இருக்கிறது, ஆனால் விழவில்லை. ஏன்?

மாவு ஹாப்பருக்குள் பாலம் கட்டி நிற்கிறது, அல்லது நடுவில் மட்டும் ஒரு துளை விழுந்து சுற்றிலும் சுவர்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரம்தான் முதல் காரணம். கலக்கும் தொட்டியிலிருந்து எழும் ஆவி ஸ்க்ரூவின் வாய் வழியாக மேலே ஏறி, ஈரம் பட்ட அரிசி மாவு கட்டி தட்டுவதுபோல் வாயிலேயே கெட்டியாக்கிவிடும். வாய்க்கும் தொட்டிக்கும் இடையே இடைவெளி விட்டு, தொட்டிக்கு மூடி போட்டு, ஆவியை வெளியே இழுக்க ஒரு சிறு விசிறி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

வைப்ரேட்டர் இருந்தால் அது ஸ்க்ரூ சுற்றும்போது மட்டும், அதுவும் விட்டுவிட்டு ஓடும்படி இணையுங்கள். ஸ்க்ரூ நின்றிருக்கும்போது வைப்ரேட்டர் ஓடினால் மாவு வெளியே போக வழியில்லாமல் அமுங்கி இறுகும், நல்லது செய்யப் போய் நாமே பாலம் கட்டிக் கொடுத்ததாக ஆகும். சுத்தியலால் அடிப்பதும் அப்படித்தான். அடித்த இடமெல்லாம் உள்ளே குழி விழுந்து, அடுத்த முறை மாவு அந்தக் குழிகளில்தான் பிடித்து நிற்கும்.

சுண்ணாம்புப் பாலின் வலுவை எப்படிப் பார்ப்பது?

மேலே சொன்ன நிலையத்தில் 5 சதவீதப் பால் என்றால் லிட்டருக்கு 50 கிராம், மணிக்கு 5 கிலோ போக 100 லிட்டர் ஓட வேண்டும். எடை போட்டுப் பார்ப்பது சுலபம்: 1 லிட்டர் 5 சதவீதப் பால் சுமார் 1028 கிராம் இருக்கும். ஆனால் மணலும் சாம்பலும் கலந்த மட்டமான சுண்ணாம்பும் அதே எடையைத்தான் காட்டும். அதனால் அமிலம் விட்டுப் பார்ப்பதே மேல். நன்றாகக் குலுக்கி 10 மில்லிலிட்டர் பாலை எடுத்து, தண்ணீர் சேர்த்து, இரண்டு சொட்டு ஃபீனால்ஃப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக விடுங்கள். 1 மில்லிலிட்டர் அமிலம் 37 மில்லிகிராம் கால்சியம் ஹைட்ராக்சைடுக்குச் சமம். 5 சதவீதப் பால் தூயதாக இருந்தால் சுமார் 13.5 மில்லிலிட்டர் வாங்கும். இளஞ்சிவப்பு போய்விட்டு அரை நிமிடத்தில் திரும்பி வந்தால் உள்ளே இன்னும் கரையாத துகள் இருக்கிறது, நிறம் திரும்பாத வரை விடுங்கள்.

எடையும் சரி, அமிலம் மட்டும் 9 மில்லிலிட்டரில் முடிந்துவிட்டது என்றால் மூட்டை பழசு. திறந்து கிடந்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி சுண்ணாம்புக்கல்லாக மாறியிருக்கும். அப்படிப்பட்ட மூட்டையை எவ்வளவு கொட்டினாலும் பிஎச் ஏறாது, தொட்டி அடியில் சேறு மட்டும் ஏறும்.

பம்பையும் இதோடு பார்த்துவிடுங்கள். உறிஞ்சும் பக்கம் அளவுகோடு போட்ட குழாயை வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். தண்ணீரை வைத்துச் சோதித்தால் பாதிச் சோதனைதான், பாலை வைத்தே செய்யுங்கள். வால்வில் மணல் துகள் சிக்கியிருக்கிறதா என்பது பாலில்தான் தெரியும்.

பால் போகும் குழாய் மாதம் தவறாமல் அடைத்துக்கொள்கிறது, என்ன செய்வது?

கலக்கப் பயன்படுத்தும் தண்ணீரின் கடினத்தன்மை என்ன என்று கேளுங்கள். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் அந்தத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகக் குழாயின் உள்சுவரில் கல்லாகப் படியும். மென்னீர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். குழாய் சரிவாக, குறைந்த வளைவுகளோடு, தட்டினால் படிவு உதிரும் ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். கிடைத்தால் திறந்த வாய்க்கால் எல்லாவற்றையும்விட நல்லது, அடைப்பு கண்ணுக்குத் தெரியும், குச்சியால் வழித்துவிடலாம். பம்பை நிறுத்தும்போதெல்லாம் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சுண்ணாம்பு போட்ட பிறகு தண்ணீர் லேசாகக் கலங்குகிறது. ஃபீடர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. வடிகட்டிக்குப் பிறகு சுண்ணாம்புப் பாலைச் சேர்த்தால், கரையாத அழுக்கும் மணல் தூளும் நேராக ஊருக்குப் போகும். கலங்கல் 1 என்டியு-வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) கொண்டுவந்த தண்ணீரைக் கடைசி அடியில் நாமே கலக்கிவிடக் கூடாது. பாலைத் தெளியவைத்து மேலே நிற்கும் சுண்ணாம்புத் தண்ணீரை மட்டும் எடுப்பது ஒரு வழி. ஆனால் சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம்தான் கரையும் என்பதால் பெரிய தொட்டி வேண்டும். நமது உதாரணத்துக்கு மணிக்கு 100 லிட்டர் பாலுக்குப் பதில் கிட்டத்தட்ட 3000 லிட்டர் சுண்ணாம்புத் தண்ணீர். வழக்கத்துக்கு மாறான இன்னொன்று: வெயில் ஏற ஏற சுண்ணாம்பு குறைவாகத்தான் கரையும். ஏப்ரல், மே மாதங்களில் சுண்ணாம்புத் தண்ணீரின் வலு சற்று குறைவது அதனால்தான்.

பிஎச் மீட்டரை நம்பலாமா?

சோதனை நாள் காலையில் சரிபார்த்திருந்தால் நம்பலாம். சுண்ணாம்பு சேரும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் எலெக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழில் வெள்ளைப் படிவு ஏறிவிடும், அது நேரத்துக்கு நேரம் காட்டுவதை மந்தமாக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவி, பிறகு 7, 9.2 என்ற இரண்டு பஃபர்களிலும் (பிஎச் முன்பே தெரிந்த கரைசல்கள்) சரிசெய்யுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் வர வேண்டும், 50-க்குக் கீழே போய்விட்டால் எலெக்ட்ரோடை மாற்றும் நேரம். 9.2 பஃபரை மூடி திறந்து வைத்தால் காற்றை வாங்கி இறங்கிவிடும். பழைய பஃபரில் சரிசெய்த மீட்டர் நாள் முழுக்கப் பொய் சொல்லும், அதுவும் ஒரே சீராகச் சொல்வதால் சந்தேகமே வராது.

ஆய்வக மீட்டரோடு ஒப்பிடும்போது அதே இடத்துக் குழாயில் பிடித்த தண்ணீரை உடனே பாருங்கள். காரத்தன்மை குறைந்த தண்ணீரை ஆய்வகம் வரை தூக்கிப்போய் அரை மணி கழித்துப் பார்த்தால் பிஎச் மாறிவிட்டிருக்கும்.

ஆட்டோவில் போட்டதும் பிஎச் 6.8-க்கும் 8.6-க்கும் இடையே ஊஞ்சலாடுகிறது. எப்படி அடக்குவது?

முதலில் எத்தனை நிமிடம் தாமதம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். மேனுவலில், எல்லாம் நிதானமாக ஓடும்போது, ஃபீடர் வேகத்தை 40-லிருந்து 50-க்குத் தூக்குங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச்சை எழுதுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் அசையாது, பிறகு ஏறத் தொடங்கும், பிறகு ஒரு புதிய அளவில் நிற்கும். அசையாத நேரம்தான் முக்கியம். கலக்கும் தொட்டி, குழாய், எலெக்ட்ரோடு வரையிலான தூரம், சுண்ணாம்பு கரையும் நேரம் எல்லாம் சேர்ந்து அது. முடிந்ததும் வேகத்தை 40-க்குத் திருப்பி இறங்குவதையும் எழுதுங்கள்.

கன்ட்ரோலர் இந்தத் தாமதத்தை அறியாமல் அவசரப்பட்டால் ஊஞ்சல்தான். பிஎச் குறைகிறது, சுண்ணாம்பைக் கூட்டுகிறது, ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் கூட்டுகிறது, கூட்டியதெல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது 8.6. சரியான வழி, வரும் தண்ணீரின் அளவுக்கு ஏற்ப ஃபீடர் தானாகக் கூடிக் குறையும்படி முதலில் அமைத்துவிடுவது. தண்ணீர் பாதியானால் சுண்ணாம்பும் பாதி. அதற்கு மேல் பிஎச் மீட்டர் சிறு திருத்தம் மட்டும், சுமார் 20 சதவீதத்துக்குள், நிதானமாகச் செய்யட்டும். 7.3-க்கும் 7.7-க்கும் இடையே இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிஎச் அளவு மடக்கை அளவு, ஒரு எண் ஏற பத்து மடங்கு. காரத்தன்மை குறைந்த தண்ணீரில் 7-லிருந்து 8-க்குப் போகத் தேவைப்படும் சுண்ணாம்பு 6-லிருந்து 7-க்குப் போகத் தேவைப்பட்டதில் ஒரு சிறு பங்குதான். அதனால் 6-ல் நன்றாக வேலை செய்யும் அமைப்பு 7.5-ல் துள்ளும். நீங்கள் வைத்திருக்கப்போகும் பிஎச்சிலேயே சோதியுங்கள், எங்கேயோ செய்து இங்கே பொருத்த வேண்டாம்.

சுண்ணாம்பு முதலிலா, குளோரின் முதலிலா?

முடிந்தால் குளோரின் முதலில். கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் பிஎச் 7.5 வாக்கில் பாதியாகிவிடுகிறது, 8.5-ல் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மிஞ்சாது. குளோரின் தன் நேரம் முழுக்க வேலை பார்த்த பிறகு சுண்ணாம்பு சேர்ந்தால் அதே குளோரினில் அதிகப் பலன். அதுபோல சுண்ணாம்பு ஃபீடர் அளவுக்கு மீறிப் போட்டால் குழாயில் படிவு மட்டும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். கிருமி நீக்கமும் அடிவாங்கும்.

நீற்றாத சுட்ட சுண்ணாம்பு மலிவாகக் கிடைக்கிறது. அதே ஃபீடரில் போடலாமா?

கூடாது. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், அதற்குத் தனி நீற்றும் கருவி வேண்டும். ஃபீடரின் வாயில் ஆவி ஏறினாலே உள்ளே உப்பி ஸ்க்ரூவை முறித்துவிடும். இதைவிட ஆபத்தானது படிகாரத்தோடு சேர்வது. படிகாரத்தின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. சுட்ட சுண்ணாம்பு அதை இழுத்துக்கொண்டு சூடாகும், மூடிய ஹாப்பர் வெடிக்கவும் செய்யலாம். ஒரே ஹாப்பரில் இந்த மாதம் படிகாரம், அடுத்த மாதம் சுண்ணாம்பு என்று மாற்றுவது, ஒரே தூசி உறிஞ்சியால் இரண்டையும் இழுப்பது, ஒரே அறையில் கிழிந்த மூட்டைகளை அடுக்குவது, மூன்றும் வேண்டாம்.

எந்த ரசாயனம் எந்த வாயில் கொட்டப்படுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கார்ன்வாலில், கேமல்ஃபோர்டு பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் லோயர்மூர் நிலையத்தில், 20 டன் அலுமினியம் சல்பேட்டை, அதாவது நம் படிகாரத்தை, தவறான தொட்டியில், சுத்திகரித்து முடித்த தண்ணீர் நிற்கும் தொட்டியில், கொட்டிவிட்டார்கள். தண்ணீர் புளிப்பாகிக் குழாய்களின் உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போனது. வாய்களுக்குத் தனித்தனிப் பூட்டும், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் நிறமும் வையுங்கள். கடைசிப் பிஎச் மீட்டரின் அலாரம் ஆள் இருக்கும் இடத்தில் ஒலிக்கட்டும்.

சாயப்பட்டறை, தோல் பதனிடும் கழிவுநீருக்கும் இதே சோதனைதானா?

எடை பிடிப்பதும் பால் பார்ப்பதும் அப்படியே. மாறுவது பிஎச் பக்கம். கழிவுநீரின் அமிலத்தன்மை மணிக்கு மணி மாறும், ஆகவே ஓட்ட அளவை மட்டும் வைத்து ஓட்ட முடியாது, பெரிய சமன்செய்யும் தொட்டி முன்னால் இருக்க வேண்டும். கந்தக அமிலம் இருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி எலெக்ட்ரோடிலும் குழாயிலும் படியும். அதற்கு அமிலக் கழுவல் அவ்வளவாக உதவாது, சுரண்டத்தான் வேண்டும். வெளியேற்றும் நீருக்குப் பொதுவான வரம்பு 5.5 முதல் 9 வரை.

சுண்ணாம்பை விட்டுவிட்டுக் காஸ்டிக் சோடாவுக்கு மாறிவிடலாமா?

சிறிய நிலையம், ஆள் குறைவு என்றால் யோசிக்கலாம். படிவு இல்லை, சேறு இல்லை, உடனே கரையும், பம்பைச் சோதித்தால் போதும். ஆனால் விலை அதிகம், தண்ணீரில் சோடியம் ஏறும், மென்னீருக்குத் தேவையான கால்சியமும் கிடைக்காது. கொஞ்சம் கூடினாலும் பிஎச் சட்டென்று எகிறும். என்னைக் கேட்டால், வாளியும் தராசும் வைத்துப் பார்க்கத் தயாராக இருக்கும் நிலையத்துக்குச் சுண்ணாம்பே போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பது?

ஓடும் வேகத்தில் ஒரு வாளி, ஷிப்டுக்கு ஒருமுறை. இரண்டு நிமிட வேலை, இரவு ஷிப்டும் விலக்கு இல்லை. பாலுக்கு அமிலச் சோதனை, புதிய லாரி வந்ததும் கட்டாயம், மற்றபடி வாரம் ஒருமுறை. எலெக்ட்ரோடு வாரம் ஒருமுறை, படிவு அதிகம் என்றால் அதற்கும் முன்னால். ஐந்து வேகங்களிலும் முழுச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஸ்க்ரூ, பெல்ட், மோட்டார், சுண்ணாம்பு விற்பவர் இதில் எது மாறினாலும் ஒருமுறை. விற்பவர் மாறினால் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சூளைச் சுண்ணாம்பின் அடர்த்தி வேறு, போன மாதம் போட்ட வரைபடம் இந்த மாதம் செல்லாது.